முழங்கால் தொட்ட சுவர்

கணுக்காலை அளப்பதுபோல் தர்மசங்கடமான வேலை பிசியோதெரபியில் வேறில்லை. எந்த அளவுகோலையாவது நம்பி மோசம்போனவர் நீங்கள் என்றால், என் பாடு சொல்லாமலே புரியும்.

காலையில் பத்து, மாலையில் நாலு

கீழப்பாவூர் செல்வி கணுக்கால் முறிந்து, மாவுக்கட்டு பிரித்த கையோடு தென்காசியில் எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். நாலு மாதத்தில் போலீஸ் தேர்வுக்கு ஓட வேண்டும். பாதம் மேல்நோக்கி எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானியை வைத்து அளந்தேன், பத்து டிகிரி. மாலையில் உடன் வேலை பார்க்கும் பர்வீன் அளந்தாள், நாலு. நான் முழங்காலை மடக்கி வைத்து அளந்திருக்கிறேன், அவள் நீட்டி வைத்து; மடக்கினால் கெண்டைக்கால் தசை தளர்ந்து பாதம் கூடுதலாக மடங்கும். செல்வியின் முகம் வாடிவிட்டது.

"சார், காலைல இருந்த ஆறு டிகிரி எங்கன போச்சு?"

பேனாப் புள்ளி

இனி இருவரும் நீட்டி வைத்தே அளப்பது என்று முடிவாயிற்று. கருவி இடம் மாறாமலிருக்க கணுக்காலில் பேனாவால் புள்ளி வைத்து, அழியாமல் பார்த்துக்கொள் என்றேன். பேச்சுக்குச் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குற்றாலம் போனவள், நல்ல சீசனில், காலில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருக்கிறாள். கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. "எல்லாரும் குளிச்சாவ சார். நான் விசில் ஊதுத பொம்பள போலீஸையே பாத்துக்கிட்டு நின்னேன்."

அமுக்கு

புள்ளி வைத்தும் கணக்கு உதைத்தது. வாராவாரம் என் எண் ஏறியது, பர்வீனுடையது அசையவில்லை. பொய் எண்ணை நம்பி ஓடவிட்டால் கால் மறுபடி போய்விடும். நான் அளப்பதை பர்வீன் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒரே காலை மூன்று தரம் அளந்தேன். ஒவ்வொரு தரமும் எண் கூடிக்கொண்டே போனது. செல்வி வெளியே போனதும் பர்வீன் சிரித்துவிட்டாள்: "அண்ணே, அவ போலீஸ் ஆவணும்னு நீங்க அமுக்குத அமுக்குல எங்க வாப்பா காலுகூட மடங்கிரும்."

சீட்டு

கோணமானியை மேஜைக்குள் போட்டேன். இனி செல்வி சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற கடைசி இடத்தில், பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப்பால் அளப்போம். யாரும் அமுக்க வழியில்லை.

நானும் பர்வீனும் தனித்தனியாக அளந்து, சீட்டில் எழுதி மடித்து வைத்தோம். முதல் வாரம் இரண்டு சீட்டிலும் ஐந்து சென்டிமீட்டர். ஆறாவது வாரம் இரண்டிலும் ஒன்பது. அவளுடைய நல்ல காலுக்கே பத்துதான். எலும்பு டாக்டரும் பார்த்துவிட்டு, ஓடலாம் என்றார். செல்வி இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அப்போ இனிமே என் கால நான் நம்பலாம்லா சார்?"

இப்போது எங்கள் சுவரில் முழங்கால் உயரத்தில் அழுக்காக ஒரு கறை படிந்திருக்கிறது; கிளினிக்கிலேயே நம்பகமான கருவி அதுதான் என்பதால் வெள்ளையடிக்க நான் விடுவதாயில்லை.