தறிக்குழியில் ஒரு பலகை

அறுபதுகளின் தொடக்கம், ஒரு செப்டம்பர் மாதம், தென்காசி. காலை ஏழேகால் மணி. கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது, அப்பாவின் தறிக்குழிக்குள் விழுந்து கிடந்த வெயில். கணக்குப் பரீட்சைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் மட்டும் தவறியிருந்தேன். கூடப் படித்த பெண்கள் இருவர் ஆசிரியப் பயிற்சிக்குப் பாளையங்கோட்டை போய்விட்டார்கள். செப்டம்பரிலும் தவறினால் என் படிப்பு அதோடு சரி. தெருக்குழாயடியில், "பெயிலான பிள்ளை இதானா?" என்று கேட்டார்கள். தண்ணீர் எடுக்கப் போவதை நிறுத்திவிட்டேன். ரிசல்ட் வந்த நாளிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை.

எங்கள் வீடு ஓர் அறையும் அடுக்களையும்தான். அடுக்களையில் எந்நேரமும் புகை. வெளிச்சம் இருந்த ஒரே இடம் ஜன்னலோரத்துக் குழித்தறி. ஜூனில் குற்றாலத்தில் சீசன் தொடங்கியது; பஸ் பஸ்ஸாக ஜனங்கள் அருவிக்குப் போனார்கள். சாரல் விழுந்தால், தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க முடியாது. பாவு இல்லையென்றால் தறி ஓடாது. தறி சும்மா கிடந்த நாட்களில் நான் அங்கே போய் உட்கார்ந்தேன். கால்கள் குழிக்குள் தொங்கின. முன்னாலிருந்த தறிமரத்தின்மேல் ஒரு பலகையைக் குறுக்கே போட்டதும் மேசையாயிற்று.

சாரல் நீண்டால் வீட்டில் இரண்டு வேளையும் கஞ்சிதான். ஆனாலும் அது நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இதை யாரிடம் சொல்ல முடியும்?

"ஏட்டி, குழிக்குள்ளயே கெடந்தா காலு மரத்துப் போவும்லா" என்பாள் அம்மா. சில நாட்களில் என்னிடம் யாராவது பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

அன்று அம்மா வாசலில் சாக்கு விரித்து மிளகாய் காயப்போட்டாள். எதிர்வீட்டார் பாவு நீட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் புத்தகங்களை அடுக்கிவிட்டுப் பலகையை எடுக்கப் போனபோது, எங்களுக்கு நூல் தரும் கடையின் ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன அண்ணாச்சி, வெயிலு சுள்ளுனு அடிக்குல்லா. இன்னும் பாவ நீட்டலையா?"

அப்பா வாசலில் நின்றபடியே சொன்னார்: "எங்கன நீட்ட? சாரல் விழுதுல்லா."

கடை ஆள் வானத்தைப் பார்த்தார். "அருவில குளிச்சிட்டுத் தலை துவட்டாம வந்துட்டேளோ?" என்று சிரித்தார். பிறகு அப்பாவின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். பலகை, நோட்டு, காம்பஸ், நான். சிரிப்பு நின்றது.

"பிள்ளைக்குப் பரீட்சை என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை" என்றார் அப்பா. பரீட்சைத் தேதியை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

"அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் சாரல்தான். மொதலாளிட்ட நான் சொல்லிக்கிடுதேன்." மிளகாயில் சக்கரம் ஏறாமல் சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, எதிர்வீட்டுப் பாவுக்குக் கைகொடுக்கத் தெருவில் இறங்கினார். நான் பலகையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தப் பரீட்சையில் நாற்பத்தேழு மார்க் வாங்கினேன். பிறகு முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடங்களில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். அந்தச் சாரலைப் பற்றி அப்பாவும் நானும் கடைசிவரை பேசிக்கொண்டதில்லை.

அந்த மூன்று நாளும் தென்காசியில் ஒரு துளி விழவில்லை. அம்மாவின் மிளகாய் இரண்டாம் நாளே வற்றலாகிவிட்டது.