ரிவால்வர் பழகிய கை

ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் துப்பாக்கிக் காவலனாக இருப்பவனின் முழுத் திறமையும், மாலையில் அந்தத் துப்பாக்கியைச் சுடாமல் திருப்பிக் கொடுப்பதில்தான் இருக்கிறது. திண்டுக்கல்லில் பதினொரு வருடம் இந்த வேலையைச் செய்தேன். அதற்கு முன் பஞ்சாலைத் தொழிலாளி, சங்கச் செயலாளர். ஆலை வாசலில் கூட்டம் போட்டதற்காக என் மேல் ஆறு வழக்குகள், ஆறிலும் விடுதலை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மீதிப் படிப்பு முழுக்கத் துண்டறிக்கைகளில் படித்தது. பிறகு அவற்றை நானே எழுதினேன். ஆலையை மூடிய பின் துப்பாக்கி உரிமம் கேட்டுப் போனபோது, அதிகாரி என் கோப்பைப் புரட்டிவிட்டு, "உனக்கு எதுக்குய்யா துப்பாக்கி?" என்றார். "முதலாளிமார் பணத்தைக் காப்பாத்த" என்றேன். உடனே கையெழுத்துப் போட்டார்.

என்னைப் போலவே வண்டியில் குலுங்கி இடுப்பு ஒடிந்த தோழர்களே, எங்கள் துப்பாக்கியை மாற்றிய அந்த நான்கு மாதத்தைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கும் நடந்திருக்கும்.

வீடியோ

பதினொரு வருடமும் என் இடுப்பில் இருந்தது ரிவால்வர். அதன் விசையை இழுப்பது துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பது மாதிரி. நீளமாக, கனமாக, விரலின் முதல் மடிப்பைக் கொடுத்து இழுக்க வேண்டும். அந்தக் கனத்தை நம்பி நாங்கள் எல்லோரும் ஒரு கெட்ட பழக்கம் பழகியிருந்தோம். துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் விரல் தானாக விசைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். ரிவால்வர் அதைப் பொறுத்துக்கொண்டது.

ஒரு நாள் காலையில் கிளை மேலாளர் பிரபு எங்கள் எட்டுப் பேரின் ரிவால்வர்களையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். முப்பது வயசு, ஒட்டன்சத்திரத்துக்காரர், மரியாதையில் குறை வைக்காதவர். பதிலுக்கு ஆளுக்கொரு புதுப் பிஸ்டல் கொடுத்தார். பிடி ஒல்லியாக இருந்தது. என் கைக்கு எதையும் பிடித்த மாதிரியே இல்லை. காலியாக வைத்து விசையை அழுத்திப் பார்த்தேன். தொடுவதற்குள் 'டக்' என்றது. "பழகுறதுக்கு எத்தனை தோட்டா குடுப்பீங்க?" என்று கேட்டேன். "ஆளுக்கு ரெண்டுங்க தோழர். பாக்கிக்கு வாட்ஸப்புல வீடியோ அனுப்பியிருக்கேனுங்க, ஓய்வா இருக்கறப்ப பாத்துக்குங்க."

முதல் தோட்டா

ஊருக்கு வெளியே ஒரு சுடுதளத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பயிற்சி கொடுப்பவர் இருளப்பன். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ரிவால்வரைப் பிடிக்கும்போது நான் இடது கட்டைவிரலை வலது மணிக்கட்டுக்கு மேலே குறுக்காகப் போட்டு இறுக்குவேன். அன்றும் அப்படியே பிடித்தேன்.

பிஸ்டலின் மேல்பாகம் ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் பாய்ந்துவிட்டு முன்னால் போகும். அது என் கட்டைவிரல் தோலைச் சீவிக்கொண்டு போனது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று வலியைக் காட்டாமல் நின்றேன். ரத்தம்தான் காட்டிக்கொடுத்தது. இருளப்பன் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரிவால்வருக்குப் பின்னாடி ஒண்ணும் வராது தோழரே. இது பின்னாடி வந்து, பிடிச்சிருக்கிறது யாருன்னு பாத்துட்டுத்தான் போகும்."

சிக்கிய குப்பி

எனக்கு அடுத்து ஆரோக்கியசாமி. வண்டியில் என் ஜோடி. ராணுவத்தில் லாரி ஓட்டியவர், வயது ஐம்பத்தாறு. இந்த வயதில் வேறு எந்த ஏஜென்சியும் துப்பாக்கி வேலை கொடுக்காது. துப்பாக்கி போனால் கம்போடு வாசல் காவல்தான். கம்புக்காரனுக்குச் சம்பளம் பாதி. அந்தப் பயத்தில் மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்துவிட்டார். முதல் தோட்டா வெடித்தது. மேல்பாகம் முழுசாகப் பின்னால் போகாமல், வெடித்த தோட்டாவின் காலிக் குப்பி பாதி வெளியே நீட்டிக்கொண்டு சிக்கிக்கொண்டது. அவரோ ரிவால்வர் நினைப்பில் விசையை மேலும் மேலும் இழுத்துக்கொண்டிருந்தார். இருளப்பன் ஓடிவந்து துப்பாக்கியின் வாயைத் தரைக்குத் திருப்பினார். ஆரோக்கியசாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரிவால்வர்னா எப்படிப் பிடிச்சாலும் வேலை செய்யும்ணே. இது கை அசந்தா வேலைநிறுத்தம் பண்ணுது. உங்க சங்கத்து ஆளா இருக்கும்."

எரியோட்டில் ஒரு மத்தியானம்

அந்த இரண்டு தோட்டா அனுபவத்தோடு எங்களை மறுநாளே பாதைக்கு அனுப்பினார்கள். கம்பெனி விதிப்படி பிஸ்டலில் தோட்டா ஏற்றி, சேஃப்டி என்ற பூட்டைப் போட்டு வைத்திருக்க வேண்டும். மூன்றாம் வாரம், எரியோட்டில் ஒரு ஏ.டி.எம். பணம் வைக்கிறவர்கள் உள்ளே பெட்டியைத் திறந்திருந்தார்கள். ஆரோக்கியசாமி கதவருகே, நான் வண்டியருகே. பச்சைக் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, டீக்கடையிலிருந்து நேராகக் கதவை நோக்கி நடந்தார். "நில்லுங்க" என்றேன். நிற்கவில்லை.

ஆரோக்கியசாமி பிஸ்டலை உருவினார். கட்டைவிரல் சேஃப்டியைத் தட்டி விடுவித்ததைப் பார்த்தேன். அவருடைய ஆள்காட்டி விரல் மடங்கி விசைமேல் உட்கார்ந்திருந்தது, முதல் மடிப்பு வரைக்கும். ரிவால்வர் பழக்கம். அந்த விசைக்கு ஒரு தும்மல் போதும். கத்தினால் அதிர்ந்து அழுத்திவிடுவார். அதனால் சாதாரணக் குரலில், "ஆரோக்கியம், விரலை எடு. விரலை மட்டும் எடு" என்றேன். மறுபடி சொன்னேன். மூன்றாம் முறைதான் அந்த விரல் நிமிர்ந்தது.

சட்டைக்காரர் பின்னால் கட்டியிருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். அதில் ஏ.டி.எம். கார்டு. காதில் அடைத்திருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏண்ணே, காசு எடுக்க வந்தவனைச் சுட்டுட்டுத்தான் மெசினைத் திறப்பீகளா?"

ஒரே ஒரு வரி

ஏ.டி.எம். கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. பிரபு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க சீனியர். ஆரோக்கியசாமி தகுதியில்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, மேல அனுப்பிடறேனுங்க" என்றார். முப்பது வருடத்தில் ஒரு தொழிலாளிக்கு எதிராக நிர்வாகத்துக்கு ஒரு எழுத்து எழுதியவன் இல்லை நான். ரெண்டு தோட்டா கொடுத்துவிட்டு மூன்றாவதை அவன் தலையில் போடுகிறீர்களா என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வந்துவிட்டேனே தவிர, அன்று சோறு இறங்கவில்லை. எழுதினால் ஒருவர் பிழைப்பு போகும். எழுதாவிட்டால் யாரோ ஒருவர் உயிர் போகும். ஆரோக்கியசாமியிடமே போய்ச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவரோ இப்படிச் சொன்னார்: "எழுதிக் குடுத்துருங்கண்ணே. கண்ணை மூடுனா அந்தப் பச்சைக் கட்டம் போட்ட சட்டைதான் தெரியுது. ஒவ்வொரு கட்டமாத் தெரியுது."

காலித் துப்பாக்கி

நான் எழுதினேன், ஆனால் அவரைப் பற்றி அல்ல. எட்டுப் பேரும் கையெழுத்திட்ட ஒரு பக்க அறிக்கை. ஆளுக்கு அறுபது தோட்டாப் பயிற்சி வேண்டும், பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும், முடிவில் தேர்வு வைக்க வேண்டும், தேறாதவர் கையில் எந்தக் காரணம் கொண்டும் பிஸ்டல் கொடுக்கக் கூடாது. கடைசி வரியை நானே வற்புறுத்திச் சேர்த்தேன். சோம்பேறிகள் சலுகை கேட்கிறார்கள் என்று நிர்வாகம் சொல்லிவிடக் கூடாது. இதெல்லாம் நடக்கும்வரை தோட்டாக்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காலித் துப்பாக்கியோடுதான் வண்டி ஏறுவோம் என்றும் எழுதினேன். அதைப் படித்துவிட்டுப் பிரபு கேட்டார்: "இது வெளிய தெரிஞ்சா முதல்ல சாகறது நீங்கதானுங்களே?"

அதை அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான்காம் நாள், கீரனூர் சாலை. இரண்டு பேர் போன பைக் ஒன்று நெடுந்தூரம் எங்களை ஒட்டியே வந்தது. நாங்கள் வேகம் குறைத்தால் அதுவும் குறைத்தது. ஆரோக்கியசாமி சட்டைப்பையைத் தொட்டார். "ஏத்திரலாமாண்ணே?" என்றார். "ஏத்தினா நாளைக்கு அறிக்கைக்கு மதிப்பு இல்ல" என்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ தடியடியைப் பார்த்தவன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் எனக்குப் பயம் வந்தது. என் கொள்கைக்கு அவர் உயிரையும் சேர்த்துப் பணயம் வைத்திருந்தேன். பைக் பக்கத்தில் வந்தது. பின்னால் இருந்தவன் கையை ஆட்டி ஏதோ கத்தினான். டிரைவரிடம் நிறுத்தாதே என்றேன்.

கீரனூரில் இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்தில் இரண்டு போல்ட்டைக் காணோம். பைக்கில் வந்தவர்கள் மெதுவாக வந்து எங்களைத் தாண்டினார்கள். பின்னால் இருந்தவர் தலையை மட்டும் திருப்பினார். "அம்புட்டுத் தூரம் கத்திக்கிட்டு வந்தமுங்க. துப்பாக்கி வச்சிருக்கறவீங்க காதும் வச்சிருக்கோணுமுங்க."

டீ கிளாஸ்

எட்டாம் நாள் தலைமை அலுவலகம் இறங்கி வந்தது. கேட்டது அனைத்தும் கிடைத்தது. இருளப்பன் எங்களைப் புதிதாகப் பிறந்தவர்கள் மாதிரி நடத்தினார். பிடியின் மேல்நுனி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் உயரப் பதிய வேண்டும். இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம், முன்னால் பார்த்து. மணிக்கட்டு இறுக்கமாக. விரல் மடிப்பால் இழுக்கக் கூடாது, நுனியின் சதையால் அழுத்த வேண்டும், அதுவும் சுடும்போது மட்டும். மற்ற நேரமெல்லாம் விரல் பக்கவாட்டில் நீண்டு கிடக்க வேண்டும். காலிப் பிஸ்டலின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, அது விழாமல் விசையை அழுத்தச் சொன்னார். என் காசு விழுந்துகொண்டே இருந்தது. ஆரோக்கியசாமியின் காசு இரண்டாம் வாரத்திலிருந்து விழவில்லை.

காரணம், அந்த மனிதர் நாள் முழுக்க அந்த விரலைப் பழக்கினார். வண்டிக் கம்பியைப் பிடித்தாலும் விரல் நீண்டிருக்கும். சோற்றுத் தட்டைப் பிடித்தாலும் நீண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி மேரி டீயை வைத்துவிட்டுப் புலம்பினார்: "பாருங்கண்ணே இவரை, டீ கிளாஸைக்கூட விரலை நீட்டிக்கிட்டுத்தான் பிடிக்கிறாரு. வாரவக எல்லாம் அவுகளைத்தான் சுட்டிக் காட்டுறாருன்னு நினைச்சு வெளிய போயிர்றாக."

தேர்வு

பத்துத் தோட்டாவில் ஏழு வட்டத்துக்குள் விழ வேண்டும். ஆரோக்கியசாமிக்கு முதல் மூன்றும் வெளியே போயின. இனி ஒன்று தவறினாலும் கம்புதான். அவர் பிஸ்டலைத் தாழ்த்தி, விரலை நீட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். என்னால் பார்க்க முடியவில்லை. சத்தத்தை மட்டும் எண்ணினேன். ஏழு வெடிக்கும் இடையில் ஏழு யுகம் போனது. ஏழும் உள்ளே.

எனக்கு ஐந்து. வெளியே போன ஐந்தும் இடது பக்கம் கீழே, ஒரே இடத்தில் கொத்தாக விழுந்திருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் இருளப்பன் சொல்லிவிட்டார்: "இப்ப வெடிக்கணும்னு நீங்களே முடிவு பண்ணி ஒரு வெட்டு வெட்டுறீக தோழரே. அழுத்திக்கிட்டே இருக்கணும், வெடிக்கிற நேரத்தை அதுகிட்ட விட்டுரணும். நீங்க ஆயுசுல யாருகிட்டயும் எதையும் விட்டதில்ல போல."

பிரபுவின் பெருந்தன்மை

அன்று சாயங்காலம் பிரபு காபி வாங்கிக் கொடுத்தார். தேர்வுத் தாளில் என் பெயருக்கு எதிரே மட்டும் எண் எழுதாமல் விட்டிருந்தார். "ஏழுன்னு போட்டுக்கறேனுங்க. யாருக்கும் தெரியப்போறதில்ல. அடுத்த தடவை நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடி மட்டும் என்னைய ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். முப்பது வருடத்தில் என்னை மிரட்டியவர்கள் நிறைய. இத்தனை மலிவாக விலை பேசியவர் இவர்தான். எரியோட்டில் ஆரோக்கியத்தின் விரலை நான் பார்த்தேன். என் விரலை அதுபோல ஒருவர் பார்க்க நேர வேண்டாம் என்று தோன்றியது. பேனாவை அவரிடமிருந்து வாங்கி, ஐந்து என்று நானே எழுதினேன்.

இப்போது தாடிக்கொம்பு சாலையில் ஒரு ஏ.டி.எம். வாசலில் கம்போடு உட்கார்ந்திருக்கிறேன், பாதிச் சம்பளத்தில். நேற்று வண்டி வந்தது. ஆரோக்கியசாமி இறங்கி, இரு பக்கமும் பார்த்து, விரலை நீட்டியபடியே கதவருகே நின்றார். வேலை முடிந்து ஏறும்போதுதான் பேசினார்: "அண்ணே, நீங்க தோத்ததுக்கு அழுவுறதா, இனிமே உங்க பக்கத்துல பயப்படாம நிக்கலாம்னு சிரிக்கிறதான்னு தெரியலண்ணே."

என் வாழ்நாளில் ஒரு காற்புள்ளிகூட மாறாமல் நிறைவேறிய கோரிக்கை இது ஒன்றுதான், அதுவும் எனக்கு எதிராக.