துடுப்பு வைத்த பேஸ்

உலக யுத்த காலத்தில் கல்யாண பேண்டில் சேர எனக்கு ஒரு பேஸ் தேவைப்பட்டது. ஆளுயர வயலின் போன்ற அதை வாங்க வழியில்லை. கொழும்பிலிருந்து தோணியில் வந்த காலித் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் ஓரத்தில் மாமாவின் துடுப்பைக் கேட்காமலே நிறுத்தி, சுறாத் தூண்டில் கயிற்றைப் பெட்டியிலிருந்து துடுப்பு நுனிக்கு இழுத்துக் கட்டினேன். துடுப்பைச் சாய்த்தால் சுருதி ஏறும். கயிற்றைச் சுண்டினால் கேட்பவர் வயிறு அதிரும்.

"இந்தக் கல்யாணத்துல வாசி, பொறவு பாப்போம்" என்றார் பேண்டு மாஸ்டர்.

மாதா கோயில் வாசலில் பாதிப் பாட்டில் மாமா வந்து நின்றார்.

"ஏலே, துடுப்பக் குடு. கடலுக்குப் போணும்."

மாஸ்டர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். "பாட்டு முடியட்டும் அண்ணாச்சி. அவன் நிறுத்துனா நாங்க எல்லாரும் தடுமாறிப் போவோம்."

மாமா என்னை முறைத்தார். பிறகு பெட்டி நகராதபடி அதன்மேல் ஒரு காலை ஊன்றி, பாட்டு முடியும்வரை முறைத்துக்கொண்டே நின்றார்.