அனுமதி பெற்ற நெருப்பு

ஒரு விடுகதை. அது மூன்று நொடிதான் உயிரோடு இருக்கும். ஆனால் அது பிறப்பதற்கு முன்பே பொலிஸ், தீயணைப்புப் பிரிவு, மாநகர சபை, மைதானத்துச் சொந்தக்காரர் என எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அது என்ன?

கச்சேரி மேடையில் பாடகர் கையை உயர்த்தும்போது ஓரத்தில் குப்பென்று எழுகிறதே, அந்த நெருப்பு. கண்டியில் அதை எழுப்புவதுதான் என் தொழில். ஏதாவதோர் அலுவலக வாங்கில் உட்கார்ந்து காத்திருந்து, பின்னால் வந்தவர் முன்னால் போவதைப் பார்த்து வயிறெரிந்த அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வயிறு எரிவதற்கு மட்டும் இந்த ஊரில் அனுமதி தேவையில்லை.

ஒரு பெட்டி

கட்டுகஸ்தோட்டை வியாபாரிகள் நடத்தும் கச்சேரியில் இடம் கிடைத்தால், அந்த வருடத்தின் மற்றக் கச்சேரிகள் தாமாகவே தேடி வரும். அதை ஒழுங்கு செய்கிறவர் ஹார்ட்வெயார் கடை தர்மா அண்ணன். மேடையை அளக்க நான் நாடாவோடு போனேன். இதே தொழில் செய்யும் அலவத்துகொட நிசாமும் அந்த இடத்துக்காகக் கையில் ஒரு பெட்டியோடு வந்திருந்தார்.

பெட்டிக்குள் ஒரு காற்றாடி, ஒரு செம்மஞ்சள் விளக்கு, கிழிந்த சேலைபோல ஒரு மெல்லிய பட்டுத்துணி. சுவிட்ச் ஆளியைப் போட்டால் காற்றாடி சுழன்று துணி மேலெழும்பி நெளியும். தூரத்திலிருந்து பார்த்தால் நெருப்பேதான். அதைக் கண்டதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. “இதுக்கு எங்கெல்லாம் அனுமதி எடுக்க வேணும், தம்பி?” என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

“அனுமதியா? பிளக் பொயின்ட் ஒண்டு இரிந்தா காணும், அண்ணன்.”

நண்பகலில் ஒரு சோதனை

தீயணைப்பு அதிகாரிக்கு முன்னால் நெருப்பை ஒருமுறை எழுப்பிக் காட்டவேண்டும். காஸ் சிலிண்டர், மணல் வாளி, ஈரச் சாக்கு, தீயணைப்பான் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக் காத்திருந்தேன். மாலையில் வரும்படி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவர் உச்சி வெயிலில் வந்தார். வால்வைத் திறந்தேன். நெருப்பு சீறியது. வெயிலில் ஒன்றும் தெரியவில்லை.

“சூடு வருது. நெருப்பு எங்க?” என்றார். நிழலில் காட்டலாம் என்றால் நிழலுக்குக் கூரை வேண்டும். கூரைக்குக் கீழே நெருப்பு எழுப்ப அனுமதி இல்லை. கடைசியில் என் கறுப்புக் குடையை விரித்து, நெருப்புக்கு எட்டாத தூரத்தில் பின்னால் நட்டு வைத்தேன். கறுப்பின் மேல் நெருப்பு அழகாகத் தெரிந்தது. அதிகாரி தலையசைத்துவிட்டு, ஜீப்பில் ஏறும்போது சொன்னார்:

“சரி, மாத்தயா. கச்சேரிக்கும் குடைய மறக்காம கொண்டு வாங்க.”

தெருவோரம்

அந்த வாரம் மனைவி சுமதியோடு பெரஹெரா ஊர்வலம் பார்க்கப் போனேன். யானைகளை எல்லோரும் பார்த்தார்கள். நான் தீப்பந்தக்காரரைப் பார்த்தேன். கொப்பரைத் துண்டை வெறுங்கையால் பந்தத்துக்குள் போட்டார். தீப்பொறி தெறித்தது. அவர் பாட்டுக்கு நடந்துகொண்டேயிருந்தார். நான் மனதுக்குள் அவருக்கும் கூட்டத்துக்கும் இடையில் நாடா பிடித்தேன். “இவரை யாராவது குடை கொண்டு வரச் சொன்னாங்களா?” என்று கேட்டேன்.

சுமதி கடலை கொறிப்பதை நிறுத்தவில்லை. “அவங்க பரம்பரையா சாமிக்கு வெளிச்சம் பிடிக்கிறாங்க. நீங்க பைலாப் பாட்டுக்குப் பிடிக்கிறீங்க. ரெண்டும் ஒண்ணாங்க?”

பதினைந்து அடி

அனுமதி வந்தது. நிபந்தனைகளோடு வந்தது. நெருப்பைச் சுற்றிப் பதினைந்து அடிக்குள் யாரும் நிற்கக்கூடாது. மேடையில் நைலோன் உடை கூடாது. வால்வைப் பிடித்திருப்பவர் மேடையிலிருந்து கண்ணெடுக்கக் கூடாது. எனக்குப் பெருமையாக இருந்தது. நிசாமின் துணிக்கு இப்படியொரு மரியாதையை யார் கொடுப்பார்கள்? கடைக்குப் போய் அனுமதிக் கடிதத்தைத் தர்மா அண்ணனிடம் நீட்டினேன்.

அவர் நிதானமாக வாசித்தார். முதல் பாட்டு பள்ளிப் பிள்ளைகளுடையது. முன்னால் நின்று பாடப்போவது என் மகள் மீனுஜா. மேடை அகலத்தையும் பதினைந்து அடியையும் கடைச் சுவரில் சோக்கினால் வரைந்து பார்த்தார். பிள்ளைகளுக்கு மிஞ்சியது ட்ரம்ஸ் செட்டுக்குப் பின்னால் ஒரு மூலை.

“நெருப்புக்கு நல்ல இடம் கிடைச்சிருக்கு, தம்பி. பிள்ளைகளைத்தான் எங்க வைக்கிறதுன்னு தெரியல.”

ஒத்திகை

ஒத்திகையன்று ஒரு பக்கம் என் நெருப்பு, மறுபக்கம் நிசாமின் பெட்டி. பிள்ளைகளை மைதானத்தில் இறக்கிவிட்டு நான் வால்வைத் திறந்தேன். ஆளுயர நெருப்பு எழுந்தது. வாசல் வரை சூடு போனது. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் கோப்பை நிரம்பியதைக் கவனிக்கவில்லை. நிசாம் ஓரடி பின்வாங்கி, “மாஷா அல்லாஹ்” என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். நான் தினமும் சவரக் கண்ணாடியில் பார்க்கிற அதே முகம். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

“துணி எப்பவும் துணிதான், அண்ணன்” என்றார் மெதுவாக.

தர்மா அண்ணனுக்கு இருவரையும் நோகடிக்க மனமில்லை. மீனுஜாவைக் கூப்பிட்டு, “பாடப் போறது நீ. உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு, மகள்” என்றார். அவள் முதலில் ட்ரம்ஸுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள். அங்கிருந்து அவள் நெற்றி மட்டுமே தெரிந்தது. பிறகு மேடை விளிம்புக்கு வந்தாள். நிசாம் ஆளியைப் போட்டார். நெளிகிற துணிக்குள் கையை விட்டு விரல்களை விரித்துப் பார்த்தாள். அப்படியே நின்று பல்லவியை ஒருமுறை பாடினாள்.

எல்லாக் கையொப்பங்களோடும் அனுமதி என் சட்டைப் பையில் இருக்க, மீனுஜா நிசாமின் துணியைத் தேர்ந்தெடுத்தாள்.