நாயின் காதுப் புண்ணும் என் குரலும்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்; சின்ன ‘ர’ வர வேண்டிய இடத்தில் பெரிய ‘ற’ போட்டிருப்பேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் அந்தப் பழக்கமும் எனக்கு இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் குரல் எழும்பாது. டீக்கடையில்கூட டம்ளரைக் காட்டித்தான் இன்னொரு டீ கேட்பேன்.

நான் அதிகம் பேசியது எங்கள் நாயிடம்தான். செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய். இண்டூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் தக்காளித் தோட்டத்து வரப்பில் குட்டியாகக் கிடைத்தது. வளர்ந்த பிறகும் குட்டி என்றே கூப்பிட்டேன். “குட்டி, வா சாமி” என்றால் எந்த மூலையில் இருந்தாலும் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு ஓடி வரும். மோட்டார் ஓடாதது, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்யாதது, செடியில் பூச்சி விழுந்தது எல்லாவற்றையும் அதனிடம்தான் சொல்வேன். “எங்கிட்டப் பேசறதுக்கு டிக்கெட்டா கேக்கறேன்?” என்று என் மனைவி சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில் அதன் மேல் உண்ணி ஏறியது. காதைச் சொறிந்தது, தலையை உதறிக்கொண்டே இருந்தது. கொசு கடிக்கிறது என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் தலையைத் தடவும்போது நாற்றம் அடித்தது. காது மடலைத் திருப்பிப் பார்த்தால் சொறிந்த இடம் புண்ணாகி, அதில் புழு நெளிந்தது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டுப் புண்ணுக்கு என்று வைத்திருந்த டர்பன்டைனைக் கொண்டுவந்தார். காதுக்குள் நாலு சொட்டு விட்டால் போதும், அத்தனை புழுவும் வெளியே வந்துவிடும் என்றார். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல வராமல் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டேன். ஊற்ற மனம் வரவில்லை. மறுநாள் காலையில் மனைவி நாயை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார, மொபெட்டில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே மாடு பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, “ஏம்ப்பா, இதுக்கு ஊசி போட்டு நாளைக்குப் பால் கறக்கப் போறியா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. என் மனைவிதான், “கறந்தா மொத டம்ளரு உங்க வூட்டுக்குத்தாங்ணா” என்றாள். இன்னும் பெரிதாகச் சிரித்து, எங்களை முன்னால் போக விட்டார்கள்.

டாக்டரம்மா இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காதைக் கழுவினார். டர்பன்டைன் ஊற்றாதது நல்லது, ஊற்றியிருந்தால் காதின் உள்தோல் வெந்துபோயிருக்கும் என்றார். உண்ணிக்குத் தனியாக மருந்து கொடுத்தார். வாரத்துக்கு ஒருமுறை காதையும் கால்விரல் இடுக்கையும் விரித்துப் பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று சொல்லிவிட்டு, புண் ஆறும் வரை காலையும் சாயங்காலமும் கழுவி மருந்து அடிக்கச் சொன்னார்.

“யாரு கூப்புட்டா வரும் இது?” என்று கேட்டார். மனைவி என்னைக் காட்டினாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

“அப்ப நீங்களே புடிச்சுக்குங்க.”

அப்படியே செய்தேன். வேளை வந்ததும், “குட்டி, வா சாமி” என்பேன். ஓடி வரும். முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, துண்டால் வாயைக் கட்டிப் பிடித்துக்கொள்வேன். மனைவி கழுவி மருந்து அடிப்பாள். கட்டிய வாய்க்குள்ளேயே அது அழும். முதலில் ஓடித்தான் வந்தது. பிறகு நடந்து வந்தது. பிறகு வயிறு தரையில் உரச வந்தது. ஒருநாள் வரப்பில் நின்று என்னைப் பார்த்தது. இன்னும் மெதுவாக, இன்னும் ஆசையாகக் கூப்பிட்டேன். நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. விட்டுவிட்டு, வந்தது. அன்றும் பிடித்துக் கட்டினேன்.

புண் ஆறி மயிர் முளைத்தது. ஆனால் நான் கூப்பிட்டால் விலகி ஓடியது. முட்டை பிசைந்த சோற்றை வைத்துவிட்டு எட்ட நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். தின்றுகொண்டிருந்ததையும் விட்டுவிட்டு ஓடியது.

உண்ணி மருந்து வாங்க மறுபடி போனபோது, அங்கே உதவியாளராக இருந்த பெரியவரிடம் மனைவி இதைச் சொன்னாள். மருந்து போடக் கூப்பிடவே கூடாது, நாம்தான் அதன் கிட்டே போய்ப் பிடிக்க வேண்டும், கூப்பிடுவது சோற்றுக்கும் கொஞ்சுவதற்கும் மட்டும்தான் என்றார். முதல்நாளே எப்படிப் பிடிப்பது என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் கேட்க வாய் வரவில்லை.

அதன் பிறகு நான் அதனிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். குரல் கேட்காததால் அதற்குப் பயம் குறைந்தது. மோட்டார் அறை வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பேன். முதலில் தென்னை மரத்தடியில் படுத்தது. வெயில் காலம் முடிவதற்குள் கை நீட்டினால் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டது. நான் கை நீட்டவில்லை.

அப்போதுதான் ஊரில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம் வைத்தார்கள். வருஷம் தவறாமல் போட வேண்டிய ஊசி. முகாமன்று காலையிலும் அது என் பக்கத்தில்தான் படுத்திருந்தது. மனைவி துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“நாங் கூப்புடறேங்க. எங்கிட்டன்னா வரும்.”

“வேண்டாம்” என்றேன். “உன் கொரலாச்சும் அதுக்கு நல்ல கொரலா இருக்கட்டும்.”

துண்டை வாங்கிக்கொண்டேன். ஒன்றும் பேசாமல் கையை நீட்டினேன். அது வாலை ஆட்டியது. பிடித்துக் கட்டிவிட்டேன்.

ஊசி போட்டாயிற்று. தோட்டத்தில் அவிழ்த்துவிட்டதும் தக்காளிச் செடிகளுக்குள் ஓடி மறைந்தது. சாயங்காலம் மனைவி சோற்றைப் போட்டுக் கூப்பிட்டாள். உடனே வந்தது. அது தட்டை நக்கும் சத்தத்தை மோட்டார் அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அது தின்று முடிக்கும் வரை நான் வெளியே வரவில்லை.

ஐப்பசி பத்தாம் நாள், திங்கட்கிழமை.