பூசாத கல்லறை

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்ததில் செத்துப்போன பெண்ணுக்குக் கல்லறை கட்டச் சொல்லி, ஆலை முதலாளி கொத்தனாரான என்னை அனுப்பினார்.

கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பெண்ணின் அம்மா, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையும் நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் அலுமினியப் பொடியுமாக, மகளின் மண்மேட்டைக் களைக்கொத்தியால் கொத்திப் பொலபொலவென்று ஆக்கிக்கொண்டிருந்தார். தினமும் வேலை விட்டதும் வந்து இதைத்தான் செய்வாராம்.

நான் சிமிண்டை இறக்கியதும் களைக்கொத்தியோடு எழுந்தார்.

“சிமிண்டப் பூசி மூடிட்டா எல்லாம் முடிஞ்சிருமாக்கும்? ஏசு கல்லறைக்கும் கல்லப் பொரட்டி, சீல் வச்சு, காவலும் போட்டாகளே! மூணாம் நாள் உள்ள ஆள் இருந்தாரா?”

“ஒரு மரியாதைக்குத்தாம்மா...”

“பின்கதவப் பூட்டிப்போட்டு வேல வாங்குனாகளே, அப்ப எங்கன போச்சு மரியாத? எம்மக எந்திரிப்பா, கொத்தனாரே. எந்திரிச்சு மொத வேலையா அவுகளத்தான் கேள்வி கேப்பா. நீங்க மேல பாரத்த ஏத்தாதீக!”

எல்லாவற்றையும் திரும்ப வண்டியில் ஏற்றினேன். முதலாளி செல்போனில் கத்தினார். “நீங்களே வந்து பூசிக்கோங்க” என்று வைத்துவிட்டேன்.

நானும் ஈஸ்டர் தவறாமல் ‘உயிர்த்தெழுந்தார்’ என்று தொண்டை கிழியப் பாடுகிறவன்தான். எத்தனையோ கல்லறைகளைப் பூசியிருக்கிறேன். உள்ளே இருக்கிறவர் எழுந்து வருவார் என்று, பூசும்போது ஒருநாளும் எனக்குத் தோன்றியதே இல்லை.