படத்துக்குக் குறுக்கே நிற்பவள்

காலையில் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், சுற்றுலா வந்த யாராவது ஒருவர் கையை அசைத்து என்னை நகரச் சொல்கிறார். கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டுதான். ஏரி, அதற்குப் பின்னால் பனிமலை, நடுவே மரப் படகுத்துறை. இந்த அழகான படத்துக்குக் குறுக்கே நான் நிற்கிறேனாம். சுவிட்சர்லாந்தின் இந்தச் சிற்றூர் ஹோட்டலில் என் கணவர் சமையல், நான் சலவை; வந்து ஆறு வருடமாகிறது. இந்தப் படகுத்துறையை யாரோ எடுத்த வீடியோ பரவியதிலிருந்து, வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீட்டின் வாசலிலேயே நான் இடைஞ்சலாகிவிட்டேன். இப்போதெல்லாம் அவர்கள் கையைத் தூக்கும் முன்பே ஒதுங்கிக்கொள்கிறேன்.

ஊரிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நேரிலும் அப்படித்தானா? பொய் சொல்வானேன், வெயில் அடிக்கிற நாளில் ஏரியின் நீலம் போனில் தெரிவதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் படகுத்துறைப் பலகையில் ஒரு நிமிடம் நிற்பதற்காகக் கட்டணம் கட்டி வரிசையில் கால்கடுக்க நிற்பது படத்தில் வராது. நவம்பர் பிறந்தால் பனிமூட்டம் இறங்கி மலை இருந்த இடமே தெரியாமல் போவதை யாரும் எடுத்துப் போடுவதில்லை. எங்கள் சங்கரன்கோவிலிலும் பிரியாணி வீடியோக்களைப் பார்த்துவிட்டு எங்கிருந்தெல்லாமோ கார்கள் வருகின்றனவாம். "வாரவன் இலையப் படம் எடுத்து முடிக்கதுக்குள்ள கறி ஆறிப்போவுது. உள்ளூர்க்காரனுக்கு ஒக்கார எடமில்ல" என்று அப்பா போனில் அலுத்துக்கொள்வார்.

அப்பாவுக்கு அங்கே சின்ன ஜவுளிக்கடை. வீட்டுச் சுவரில் ஒரு பழைய படம் உண்டு. எனக்கு ஏழு வயதில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் எடுத்தது: அப்பா, அம்மா, நடுவில் நான். பின்னால் தொங்கும் திரையில் நீல ஏரியும் பனிமலையும் தீட்டியிருக்கும். மலை உச்சியில் திரை கிழிந்து, அதைத் தைத்திருக்கும் தையல்கூடத் தெரியும். கல்யாணமாகி இங்கே வந்து இறங்கிய அன்று அந்தத் திரைக்குள்ளேயே நுழைந்துவிட்டதுபோல இருந்தது. உடனே அம்மாவுக்குத்தான் போன் செய்தேன். அம்மா இதைப் பார்க்காமலே போய்விட்டாள். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. என்னால் போக முடியவில்லை. அதன் பிறகு, அவள் இல்லாத வீட்டுக்குள் கால் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

போன வருடம் அப்பாவே சொன்னார். "எல்லாரும் ஒன் ஊரப் போன்ல காட்டுதாவ மக்கா. ஏரி இருக்கு, மலை இருக்கு. நீ அதுல எங்கன இருக்கன்னுதான் தெரியல. நா ஒருவாட்டி வந்து பாக்கேன்."

தீபாவளி வியாபாரம் முடியாமல் ஜவுளிக்கடைக்காரர் நகர முடியுமா? முடிந்த கையோடு நவம்பரில் டிக்கெட் போட்டார். அது பனிமூட்ட மாதம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோடையில் வாருங்கள் என்றால் முகூர்த்த நாள்கள் என்பார், அப்புறம் ஆடித்தள்ளுபடி என்பார். வராமலே போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

பத்து நாள் இருந்தார். பத்து நாளும் மலை தெரியவில்லை. "நாளைக்கு வெளுத்திரும் யப்பா" என்று தினமும் சொன்னேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் வேலைக்குப் போகும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாள் படகுத்துறைக்குக் கூட்டிப்போனேன். வரிசையே இல்லை. வாயிலில் நிற்கும் பெண்மணி, இன்று ஒன்றும் தெரியாது, கட்டணம் வேண்டாம் என்று உள்ளே விட்டு, அவரே எங்களைப் படமும் எடுத்தார். அப்பா என் கையைத் தொட்டுப் பார்த்தார். விறைத்துக் கிடந்தது.

"இந்தக் குளிர்லயா மக்கா தெனமும் போற?"

அவர் கண் கலங்கியதைப் பார்த்து அந்தப் பெண்மணி பதறிப்போனார். "வருத்தப்படாதீர்கள், கோடையில் வாருங்கள், மலை நிச்சயம் தெரியும்" என்று அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அது மலைக்காக வந்த கண்ணீர் அல்ல என்று சொல்ல என் ஜெர்மன் போதவில்லை.

அப்பா ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உடனே போனும் வந்தது.

"பிரேம் போடக் குடுத்தேன். ஸ்டுடியோக்காரன், 'பின்னால வெறும் வெள்ளையா இருக்கு அண்ணாச்சி, அந்த ஏரிய நெட்டுலருந்து எடுத்து வச்சிருதேன்'னான். நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன் யப்பா?"

"அத எல்லாரும் பாத்தாச்சு. நீ இங்கன வந்து நின்னு ஆறு வருசமாச்சுல்லா."

வாரேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் வற்புறுத்தாமல், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

படத்தை இன்றும் எடுத்துப் பார்த்தேன். பின்னால், பனிமூட்டம் இருந்த இடத்தில் எங்கள் கோயில் கோபுரம், அதன் மேல் சுள்ளென்று வெயில். அதன் முன்னால் கனத்த கோட்டும் கம்பளிக் குல்லாயுமாக நான் நிற்கிறேன். பக்கத்தில் குரங்குக் குல்லாயோடு அப்பா. யாரும் என்னை நகரச் சொல்லவில்லை. எங்கள் கால்களுக்குக் கீழே மட்டும், ஸ்டுடியோக்காரனுக்கு வெட்டியெடுக்க வராத ஏரித்துறைப் பலகை ஈரத்தோடு அப்படியே கிடக்கிறது.